எம்.டி.-பிஎச்.டி. விண்ணப்பமும் பள்ளிக்கூட ஆராய்ச்சியும்

அமெரிக்காவில் டாக்டர் படிப்பையும் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்தே படிக்கும் எம்.டி.-பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகும் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, ஹைஸ்கூல்ல லேப்ல செஞ்ச வேலையைப் போடலாமா?" புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தில்தான் சோறு தின்கிறேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

தனியாகப் போடாதே என்பதுதான் என் கருத்து. அங்கே மருத்துவப் படிப்புக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் செய்த வேலைகளைச் சொல்ல 15 இடங்கள்தான், எம்.டி.-பிஎச்.டி. கேட்பவர்கள் அது போக ஆராய்ச்சி அனுபவத்தைப் பற்றி மட்டும் 10,000 எழுத்துக்குள் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதைப் படிப்பவர்கள் விஞ்ஞானிகள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்த முறை, முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று நேர்காணலில் குடைவார்கள். பதினாறு வயதில் யாரோ ஒரு பேராசிரியரின் கேள்விக்குச் சோதனைக் குழாய் கழுவிக் கொடுத்த பிள்ளை அங்கே என்ன பேசும்? அதுவும் அந்த வயதில் லேபுக்குள் நுழைய முடிந்ததே பெரும்பாலும் அப்பா அம்மாவுக்கு ஆள் தெரிந்ததால்தான், இது தேர்வுக் குழுவுக்கும் தெரியாமல் இருக்காது.

அதே லேபில் கல்லூரியிலும் தொடர்ந்திருந்தால் கதை வேறு, அப்போது பள்ளிக் காலத்தையும் சேர்த்தே சொல்லலாம். உன் பெயரோடு நல்ல ஆய்விதழில் கட்டுரை வந்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் பணம் கட்டினால் பள்ளிப் பிள்ளைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தரும் கடைகள் இப்போது உண்டு, அந்தப் பக்கம் போகவே போகாதே.

இங்கே நிலைமை தலைகீழ். ஜிப்மரில் எம்.பி.பி.எஸ். சேர 2020 முதல் நீட் மதிப்பெண்தான், பள்ளியில் என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே போன பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். மாணவர்களுக்குத் தரும் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் வருகிறது, அதுதான் பலருக்கு முதல் ஆராய்ச்சி. எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒன்பதாவது படிக்கும்போது குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக வாய்க்காலில் கொசுப்புழு எண்ணினாள். மழை பெய்தால் கூடும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள், அடைமழைக்கு மறுநாள் புழுவையே காணோம். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. டீச்சர் அந்த நாளை விட்டுவிடச் சொல்லியும் கேட்காமல், சின்ன மழை பெரிய மழை என்று பிரித்து மறுபடி எண்ணினாள். இதனால் அவளுக்கு நீட்டில் ஒரு மதிப்பெண் கூடக் கிடைக்காது. அமெரிக்க விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதத் தகுதி உள்ளது இது மாதிரி அனுபவம்தான் என்று பையனிடம் சொன்னேன். ஏன் டாக்டர் மட்டும் போதாது, ஏன் ஆராய்ச்சியும் வேண்டும் என்று கேட்கிற சின்னக் கட்டுரை ஒன்றும் உண்டு, 3,000 எழுத்து. உன் ஆர்வம் எங்கே பிடித்தது என்று அதில் சொல், அப்புறம் உடனே கல்லூரி வேலைக்கு வந்துவிடு.

"அப்போ அந்த ஹைஸ்கூல் லேப் சார்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கட்டுமா?" என்றான். வேண்டாம்டா. கல்லூரியில் உன் சோதனை சொதப்பியபோது பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் வாங்கு.