'பேராசை பெருநஷ்டம்' என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம்

யாராவது மோசடியில் பணத்தை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நம் வாயில் முதலில் வருவது 'பேராசை பெருநஷ்டம்'. சொல்லி முடித்ததும் நமக்கு ஒரு நிம்மதி, நாம் பேராசைக்காரர் இல்லையே! ஆனால் பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் பணத்தை இழக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பழமொழி பல இடங்களில் பொருந்தவே இல்லை. லீஸ் வீட்டில் ஏமாறுபவர் மாத வாடகையை மிச்சம் பிடிக்க நினைத்தவர். வீடியோ காலில் போலீஸ் வேடமிட்டு வரும் 'டிஜிட்டல் கைது' மிரட்டலுக்குப் பணம் அனுப்பும் பெரியவர் ஒரு ரூபாய் லாபத்துக்கும் ஆசைப்படாதவர், போலீஸ் என்றாலே எழுந்து நிற்கிறவர். சிக்கனமும் பணிவும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குணங்கள். மோசடிக்காரர் கை வைப்பதே அவற்றின் மேல்தான்.

இந்தப் பழமொழியால் நேரடிக் கேடும் உண்டு. ஊர் சிரிக்குமே என்று ஏமாந்தவர் வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தில் போகிற ஒன்றிரண்டு நாளில் பணம் பத்து கணக்கு தாண்டிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லீஸ். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பதைத்தான் இங்கே லீஸ் என்கிறோம். இரண்டு மூன்று வருடத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறோம், மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது வட்டியில்லாமல் முழுத் தொகை திரும்பி வர வேண்டும். மாதம் 25,000 வாடகை வரக்கூடிய வீட்டுக்கு 15 லட்சம் லீஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் மாதம் 8,750 வரும். அதை விட்டுக்கொடுத்து 25,000 வாடகையைத் தவிர்க்கிறோம், மாதம் 16,000-க்கு மேல் லாபம். கணக்கில் தப்பே இல்லை.

அதே கணக்கை ஓனர் பக்கத்திலிருந்து யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அவர் வருடத்துக்கு 3 லட்சம் வாடகையை விடுகிறார். 15 லட்சத்துக்கு 3 லட்சம் என்றால் 20 சதவீத வட்டி. வீட்டை அடமானம் வைத்தால் வங்கி ஏறக்குறைய அதில் பாதி வட்டிக்கே கடன் தரும். பிறகு ஏன் அவர் நம்மிடம் வருகிறார்? நேர்மையான காரணங்கள் இருக்கலாம். மேல் மாடி கட்ட அவசரமாகப் பணம் தேவைப்பட்டிருக்கும், அல்லது பி காத்தா வீடு, அதாவது மாநகராட்சிப் பதிவில் முழு அங்கீகாரம் இல்லாத வீடு என்பதால் வங்கி ஒதுங்கியிருக்கும். ஏற்கனவே வங்கியில் வாங்கி, தவணை கட்ட முடியாமல் கழுத்து வரை முங்கியும் இருக்கலாம். அப்படியானால், அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி ஒருநாள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். நம் கையில் இருக்கும் நோட்டரி பேப்பர் அந்த வங்கிக்கு முன்னால் நிற்பது கடினம்.

இன்னொரு வகையில் ஓனரும் சேர்ந்தே ஏமாறுகிறார். நடுவில் ஒரு ஏஜென்சி. ஓனரிடம் 'மாத வாடகைக்கு ஆள் வைக்கிறோம், பராமரிப்பும் எங்கள் பொறுப்பு' என்று சொல்லி ஒரு ஒப்பந்தம். குடியிருப்பவரிடம் '15 லட்சம் லீஸ்' என்று வேறொரு ஒப்பந்தம். வந்த 15 லட்சத்திலிருந்து ஓனருக்கு மாதம் 25,000 ஒழுங்காகப் போகும். எட்டு மாதம் கொடுத்தாலும் 2 லட்சம்தான் ஆகிறது, மிச்சம் 13 லட்சம். ஒன்பதாவது மாதம் ஏஜென்சியின் ஆபீஸ் பூட்டியிருக்கும். ஓனர் 'வாடகை வரவில்லை, காலி செய்' என்பார், நாம் 'லீஸ் கொடுத்திருக்கிறோம்' என்போம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கன்னடம் சரியாக வராத ஊரில் தமிழ் பேசும் புரோக்கர் கிடைத்தால் பாதிச் சோதனையை நாமே விட்டுவிடுகிறோம். 'நம்ம ஆளு, வேலூர்க்காரர்' என்பது ஒரு ஆவணம் கிடையாது.

பார்க்க வேண்டியவை இவை. வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, கர்நாடக அரசின் காவேரி தளத்தில் எடுக்கலாம். பதிவான பரிவர்த்தனை இருந்தால் படிவம் 15, ஒன்றும் இல்லையென்றால் படிவம் 16 வரும். அது சுத்தமாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் எல்லா நேரமும் ஈசியில் தெரியாது. அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவேடான செர்சாய் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அதைத் தேடலாம். அதைவிட எளிய வழி, 'ஒரிஜினல் பத்திரத்தைக் காட்டுங்கள்' என்று கேட்பது. ஜெராக்ஸ் மட்டும் வந்தால் ஒரிஜினல் வேறு யார் பெட்டியிலோ இருக்கக்கூடும். இ-காத்தா (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு), சொத்து வரி ரசீது, ஓனரின் அடையாள அட்டை, மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். ஓனரை நேரில் பார்க்காமல் 'பவர் இருக்கிறது' என்ற பேச்சுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. இப்போது அந்த வீட்டில் லீஸில் இருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். 'உங்கள் பணம் எப்போது வருகிறது?' என்று கேளுங்கள். 'புதிதாக வருகிறவர் கொடுத்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்' என்று பதில் வந்தால், ஓனர் கையில் பணம் இல்லை என்று அர்த்தம். நாளைக்கு நீங்களும் அடுத்த ஆள் வரும் வரை காத்திருப்பீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையும் போக்கிய அடமானமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டியவை. நோட்டரி முத்திரை பதிவாகாது. முத்திரைத்தாள் செலவைக் காட்டி ஓனர் மறுப்பார். 'பாதிச் செலவு என்னுடையது' என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் வேறு வீடு பார்ப்பதே நல்லது. பணம் செக்கிலோ ஆர்டிஜிஎஸ்ஸிலோ ஓனர் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். 'கொஞ்சம் கேஷாக' என்றால் எழுந்து வாருங்கள்; 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக டெபாசிட் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

யார் கணக்குக்குப் போகிறது என்ற இந்தக் கேள்வி லீஸுக்கு மட்டுமானதல்ல. மோசடிக் கதைகள் மாதத்துக்கு ஒன்று மாறும். ஆனால் சொல்கிற கதைக்கும் பணம் போகிற கணக்கின் பெயருக்கும் சம்பந்தம் இருக்காது, அது மட்டும் மாறுவதில்லை. வாட்ஸப் குழுவில் வரும் 'ஷேர் டிரேடிங்' செயலியில் லாபம் லட்சக்கணக்கில் ஏறும், ஆரம்பத்தில் ஐந்தாயிரம் எடுக்கவும் விடுவார்கள். ஆனால் பணம் கட்டச் சொல்லும் கணக்கு ஒரு நாள் துணிக்கடை பெயரில், மறுநாள் டிராவல்ஸ் பெயரில் இருக்கும். வாங்கிய பங்கு, பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் அனுப்பும் அறிக்கையில் இல்லையென்றால் அந்தப் பங்கே கிடையாது. டிஜிட்டல் கைது மிரட்டலில் 'ரிசர்வ் வங்கி சரிபார்ப்பு' என்று சொல்லி வாங்குவதும் ஏதோ ஒரு தனியார் நடப்புக் கணக்குக்குத்தான். ரிசர்வ் வங்கி தனிநபர் பணத்தைச் சரிபார்க்க வாங்கித் திருப்பித் தருவதில்லை. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரலுக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயர் திரையில் வரும்போது நின்று படியுங்கள்.

டிஜிட்டல் கைது எப்படி வேலை செய்கிறது? 'டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள்' என்ற பதிவுக் குரலிலோ, போதைப்பொருள் பார்சல் கதையிலோ தொடங்கும். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அது யார் நம்பரையும் கூப்பிட்டுத் துண்டிப்பதில்லை. அடுத்து 'மும்பை போலீஸ்' வீடியோவில் வரும். உங்கள் ஆதார் எண்ணை அவர்களே படித்துக் காட்டுவார்கள். பிஜி, வாடகை ஒப்பந்தம், சிம், கேஸ் என்று இந்த ஊரில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்காத இடம் ஏது? அந்த எண் தெரிந்தவரெல்லாம் போலீஸ் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் ஐஜி ஆகியிருக்க வேண்டும். பிறகுதான் உண்மையான ஆயுதம் வெளியே வரும். 'கேமராவை அணைக்காதே, பிள்ளைகளிடம் சொல்லாதே, சொன்னால் அவர்களும் உள்ளே.' ஆளைத் தனியாக்கிவிட்டால் மீதி தானாக நடக்கும். அதுவும் தட்டுத்தடுமாறி இந்தி பேசுகிற நம் பெரியவர்களுக்கு எதிர்க்கேள்வி கேட்க நாக்கு எழாது.

2024 அக்டோபரில் பிரதமர் மோடியே 'மன் கி பாத்' உரையில் இதைப் பற்றிப் பேசினார். பிறகும் இது நிற்கவில்லை, காரணம் பயம் வந்த நேரத்தில் கேள்விப்பட்டது நினைவுக்கு வராது. அதனால் வீட்டில் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: 'எந்த ஸ்டேஷன்? என் பையனோடு நேரில் வருகிறேன்.' சொன்னதும் போனை வைத்துவிட வேண்டும். வீடியோவில் கைது என்று சட்டத்தில் ஒன்றுமில்லை. நேரில் ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

புத்திமதியைவிட வங்கியில் செய்யும் ஏற்பாடு உறுதியானது. பெற்றோரின் பெரிய எஃப்டியை 'இருவரில் ஒருவர்' என்ற முறையில் வைக்காமல், இருவரும் கையெழுத்திட்டால்தான் உடைக்க முடியும் என்ற முறையில் வையுங்கள். இதில் ஒரு இடைஞ்சல் உண்டு: ஆஸ்பத்திரி அவசரத்தில் உடனே எடுக்க முடியாது. அதற்கென ஒரு தொகையைத் தனிக் கணக்கில் விடுங்கள். நெட்பேங்கிங், யுபிஐ தினசரி வரம்பையும் தேவைக்குத் தக்கபடி குறைத்துவிடலாம்.

சின்னவை இரண்டு. யுபிஐயில் பணம் வாங்க பின் எண் போட வேண்டியதே இல்லை. ஆன்லைனில் பழைய சோபா விற்கிறவர், வாங்குவதாகச் சொல்பவர் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் செய்து பின் போட்டால் அவர் பணம்தான் போகும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைக் கடத்திவிடும். தெரியாமல் நிறுவிவிட்டால் முதலில் ஏர்பிளேன் மோட், வைஃபையும் அணைத்திருக்கட்டும். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள்.

இனி பணம் போய்விட்டது என்றால். அழுகை, சண்டை எல்லாம் பிறகு; உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கி, போன கணக்கு இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். யுபிஐ என்றால் அந்த எண் 12 இலக்கம். புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போய், அங்கே மிச்சமிருக்கும் தொகையை முடக்குவார்கள். மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில் பணம் நிமிடக்கணக்கில்தான் தங்கும், அதனால்தான் இந்த அவசரம். அடுத்து தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்து, உங்கள் பகுதியில் சைபர் குற்றங்களை விசாரிக்கும் சென் (CEN) காவல் நிலையத்துக்குப் போங்கள். முடக்கிய தொகை கைக்கு வர பொதுவாக நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். எஃப்ஐஆர் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு வங்கி இதைப் பெரும்பாலும் ஏற்காது. அப்போது 1930 மூலம் முடக்குவதுதான் முக்கிய வழி.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு போன் வரலாம். 'சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஜிஎஸ்டி மட்டும் கட்டுங்கள்.' முதல் முறை ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நடக்கும் இரண்டாவது சுற்று இது. 1930-க்கும் சரி, போலீஸுக்கும் சரி, பணத்தை மீட்கக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.