ஏபிகே கோப்பின் பெயரை மாற்றினால் ஐபோனில் ஓடாது

"ஏபிகே கோப்பை ஐபிஏ என்று பெயர் மாற்றி, இந்த லிங்க்கில் உள்ள புரொஃபைலைப் போட்டால் எந்த ஆண்ட்ராய்டு ஆப்பும் ஐபோனில் ஓடும்" என்ற செய்தி திருப்பூர், ஈரோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு; ஐபிஏ என்பது ஐபோன் ஆப்புக்கான கோப்பு. புரொஃபைல் என்பது ஐபோனின் அமைப்புகளை மாற்றும் கோப்பு.

மஞ்சள் மூட்டையில் சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளிருப்பது மிளகாகிவிடாது. நீங்களே சரிபார்க்கலாம்: கணினியில் ஏபிகே நகல் ஒன்றை ஜிப் என்று பெயர் மாற்றித் திறந்தால் 'கிளாசஸ்.டெக்ஸ்' கோப்பு தெரியும். அது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே புரியும் நிரல். ஐபிஏவுக்குள் 'பேலோட்' ஃபோல்டரும், ஐஓஎஸ்-க்கென்றே தொகுத்துக் கையொப்பமிட்ட நிரலும் இருக்கும். அந்தக் கையொப்பம் செல்லாவிட்டால் ஐபோன் நிறுவாது.

ஆப் ஓடாதது பெரிய நட்டமில்லை. அந்தப் புரொஃபைல்தான் ஆபத்து. உங்கள் இணையப் போக்குவரத்தையே வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிட அதனால் முடியும். போட்டிருந்தால் உடனே செட்டிங்ஸ், ஜெனரல், 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போய் நீக்குங்க. பாஸ்வேர்டுகளை மாற்றுங்க. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்க. தயவுசெய்து இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீங்க. வந்த குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்க.

ஆப் வேண்டுமென்றால், அதைத் தயாரித்தவரின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே ஆப் ஸ்டோருக்குப் போங்க. ஐபோன் பதிப்பு இல்லையா? இணையதளத்தை சஃபாரியில் திறந்து, ஷேர் பொத்தானில் 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடுங்க. கணினியில் ஆண்ட்ராய்டு ஆப்பை ஓட்ட, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளின் எமுலேட்டர் (கணினிக்குள் ஆண்ட்ராய்டு போன் போலச் செயல்படும் நிரல்) உண்டு. விண்டோஸ் 11-இல் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டிய வசதிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச் 5-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.