பெயின்ட் வாளியோடு வந்த பெனால்டி

(டெர்பி நகரில் ஒரு வீடு. டிவியில் பிரீமியர் லீக் ஆட்டம். பந்து வலைக்குள் போய்விட்டது, ஆனால் வி.ஏ.ஆர். எனும் வீடியோ நடுவர் குழு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாத்தாவும் பேத்தியும் சோபாவில்.)

தாத்தா: கோல் போட்டவனே சிரிக்கலாமா வேண்டாமா என்று முழிக்கிறான், பார். எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் கோல் என்றால் கோல்.

பேத்தி: உங்கள் காலத்தில் கோடே தெரியாதே தாத்தா. நம் டெர்பி கவுன்ட்டி அணி ஆடிய பேஸ்பால் கிரவுண்ட் மைதானம் முழுக்கச் சேறு.

தாத்தா: அதுதான்டி ஆட்டம்! தெருவைவிடப் பள்ளத்தில் கிடந்த மைதானம், குளிர்காலம் வந்தால் நடுவில் ஒரு கைப்பிடி புல் தேறாது, பந்து விழுந்த இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துவிடும், அதைக் கிளப்பி அடிக்கவே தனித் திறமை வேண்டும். இப்போது என்ன, கம்பளத்தில் ஓடுகிறார்கள்.

பேத்தி: 1977 ஏப்ரலில் டெர்பி அங்கே மான்செஸ்டர் சிட்டியோடு ஆடிய ஆட்டத்தை யூடியூபில் பார்த்தேன். ரெஃபரி பெனால்டி கொடுத்துவிட்டார், பெனால்டி புள்ளியைத்தான் காணோம்!

தாத்தா: சேற்றுக்குள் போய்விட்டது. அதனால் என்ன?

பேத்தி: ஒருத்தர் பெயின்ட் வாளியும் அளவு நாடாவுமாக வந்து, 12 கெஜம் அளந்து, வெள்ளையாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகிறார். அதுவரை எல்லாரும் தேமே என்று நிற்கிறார்கள். அது மட்டும் தாமதம் இல்லையா?

தாத்தா: அது வேறு. அந்த மனுஷன் எங்கள் கண் முன்னால் வேலை செய்தான். நம்ம ஜெர்ரி டேலியும் கோல் அடித்தான், 4-0. அந்த வருஷம் சிட்டி ஒரே ஒரு புள்ளியில் பட்டத்தை லிவர்பூலிடம் விட்டது தெரியுமா? எல்லாம் அந்த வாளியின் மகிமை.

பேத்தி: வாளி வந்தது நாலாவது கோலுக்கு. அதற்கு முன்னாலேயே சிட்டி கதை முடிந்துவிட்டது.

தாத்தா: அப்போது ஆட்டத்தில் ஒரு வேகம் இருந்தது...

பேத்தி: வேகமா? 1992இல் விதியை மாற்றும்வரை டிஃபென்டர் பந்தைக் கோல்கீப்பருக்குத் தட்டுவார், அவர் கையில் எடுப்பார், உருட்டிவிடுவார், இவர் மறுபடியும் அவருக்கே தட்டுவார். கால்பந்தா, ரெண்டு பேர் நலம் விசாரிக்கிறார்களா?

தாத்தா: ஃபிளாஸ்க்கைத் திறந்து சூடான போவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றிக்கொள்ள அதுதான் நல்ல நேரம். எதற்கும் ஒரு நேரம் வேண்டாமா? சரி, விடு. எப்படியோ, எங்கள் காலத்தில் முடிவு களத்தில் நடந்தது.

பேத்தி: 1972இல் நம் டெர்பி சாம்பியன் ஆனபோது நம்ம ஆட்கள் எந்தக் களத்தில் இருந்தார்கள்?

தாத்தா: (தொண்டையைச் செருமி) மயோர்க்காவில்.

பேத்தி: விடுமுறையில்!

தாத்தா: எங்கள் ஆட்டமெல்லாம் ஒரு வாரம் முன்னாலேயே முடிந்துவிட்டது. அப்புறம் லீட்ஸ் போய் வுல்வ்ஸிடம் தோற்றது, லிவர்பூல் ஆர்சனலோடு டிரா செய்தது, பட்டம் எங்களுக்கு.

பேத்தி: மானேஜர் பிரையன் கிளஃப்?

தாத்தா: அவர் இங்கிலாந்தின் சில்லி தீவுகளில். குடும்பத்தோடு.

பேத்தி: ஆக, எங்கேயோ உட்கார்ந்திருந்தவர்கள்...

(டிவியில் பெரிய ஆரவாரம். இருவரும் திரும்புகிறார்கள்.)

தாத்தா: என்ன ஆச்சு? கொடுத்தானா, இல்லையா?

பேத்தி: நான் எங்கே பார்த்தேன், உங்களோடுதானே பேசிக்கொண்டிருந்தேன்.

தாத்தா: அந்த ரிமோட்டை எடு. கொஞ்சம் பின்னால் ஓட்டு. இன்னும் கொஞ்சம். ம்ம், அங்கேயே நிறுத்து. அவன் தோள்பட்டை கிட்டே ஒரு ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம், கொண்டு வா.