சூட் இருக்கட்டும், ஜன்னல் இருக்கா?

போன டிசம்பரில் அக்கா குடும்பம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்தது. ஐந்து பேர். ஈசூனில் எங்கள் மூவறை வீட்டில் நாங்களே இடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் முதல் மூன்று இரவு தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு சின்ன ஹோட்டலில் 'ஃபேமிலி சூட்', கடைசி இரவு மட்டும் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலில் ஒரு சூட் என்று முடிவானது. அந்த 57-வது மாடி நீச்சல் குளத்தில் இறங்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் குளம். டிக்கெட் வாங்கி மேலே போகிறவர்கள் பார்வைத் தளத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

தேக்கா சூட் என்பது நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் கட்டில். அவ்வளவுதான். உள்ளறையில் நல்ல பூப்போட்ட திரைச்சீலை. அக்கா ஆசையாக விலக்கிப் பார்த்தாள். பின்னால் வெள்ளைச் சுவர்! புகைப்படத்தில் அந்தத் திரை அத்தனை அழகாக இருந்தது. குளியலறையில் ஷவர் கழிப்பறைக்கு நேர் மேலே. ஒருவர் குளித்து வந்தால் டிஷ்யூ சுருள் கஞ்சியாகியிருக்கும்.

ஹோட்டல்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தப் பக்கம் பல ஹோட்டல்கள் பழைய கடைவீடுகளில் இருக்கின்றன. முகப்பு குறுகல், உள்ளே நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். வெளிச்சம் வர வேண்டுமென்றால் முன்னால், பின்னால், இல்லாவிட்டால் நடுவில் விட்ட காற்றுவெளி. லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்படும் வட்டாரம் என்பதால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டவும் முடியாது. ஆக, நடு அறைக்கு மாட்டிக்கொள்கிறவர் பாவம். ஆனால் காலையில் படியிறங்கினால் இட்லி, சாம்பார், பூக்கடை. அக்காவுக்கு அது போதும்.

அங்கிருந்து டவுன்டவுன் ரயில் பாதையில் நான்கே நிலையம் தள்ளி பேஃபிரண்ட், மரினா பே சாண்ட்ஸ் இருக்கும் இடம். கணக்கு அங்கே வேறு மாதிரி. 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 'பிளஸ் பிளஸ்' என்று போட்டிருந்தால் 10% சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 9% பொருள் சேவை வரி, மொத்தம் 719 வெள்ளி 40 காசு. மதியம் 3 மணிக்குச் சாவி, மறுநாள் 11 மணிக்குக் காலி. இருபது மணி நேரம்தான், அதில் தூக்கம் வேறு.

அத்தான் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இலவசமாக அந்த ஹோட்டல் வளாகத்துச் சூதாட்டக்கூடத்துக்குள் ஒரு சுற்று போய் வந்தார். நான் சிங்கப்பூர்க் குடிமகன், 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2010-ல் திறந்தபோது 100, 2019-ல் ஏற்றினார்கள். அறைச் சாவி கையில் இருந்தாலும் விலக்கு கிடையாது. வாசலோடு நின்றுவிட்டேன், மனைவிக்கு ஏக சந்தோஷம். லாஸ் வேகஸில் சூதாட வருகிறவரை இழுக்கவே அறையை மலிவாக விட்ட காலம் உண்டு. இங்கே இருப்பதே இரண்டு சூதாட்டக்கூடம், அந்தக் கதை நடக்காது.

சரி, சூட்டுக்கு வருவோம். தனி வரவேற்பறை, சோபா, ஆறு பேர் சாப்பிடும் மேசை. ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஐந்து பேரும் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் தரையில் வரிசையாக உட்கார்ந்து நீரிணையில் நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அத்தான் 41 வரை எண்ணினார். குளத்துக்குப் போக மறந்தே போய், இருட்டிய பிறகுதான் ஓடினார்.

அந்தக் கண்ணாடிச் சுவர் அங்கே சாதாரண அறையிலேயே உண்டு. என்னைக் கேட்டால், பெரிய ஹோட்டலில் சூட் வீண் செலவு. காட்சி நன்றாக இருக்கும் ஆகக் குறைந்த விலை அறையை எடுங்கள், குளம் எல்லாருக்கும் ஒன்றுதான். சின்ன ஹோட்டலில் நேர்மாறாகச் செய்யுங்கள். அங்கேதான் ஐம்பது வெள்ளி கூடப் போட்டுத் தெருவைப் பார்த்த முன்பக்க அறையைக் கேட்க வேண்டும். 'சூட்' என்ற பெயரை நம்பி நான் இரண்டு இடத்திலும் தலைகீழாகச் செய்தேன்.

அடுத்த மாதம் மாமியார் வருகிறார். நேற்று தேக்காவில் வேறொரு ஹோட்டலுக்கு போன் போட்டேன். "திரைச்சீலைக்குப் பின்னால் என்னம்மா இருக்கு?" என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு முன்பக்கமே தர்றேண்ணே" என்றாள்.