கரண்டிக்குப் பட்டியல் உண்டு, ஆளுக்கு?

நம் ஊர்க்காரர் வீட்டுக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யப் போன சமையலம்மாவை, அனுமதி இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாளாக ஓடும் இந்தப் பஞ்சாயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒரு தம்பி "ஆச்சி, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா" என்று கேட்டுவிட்டார். அதற்குமேல் பொறுக்கவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒத்தாசையாக அந்தம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனீர்களே, அங்கே வேலை செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்று யாராவது பார்த்தீர்களா? பதில் இல்லை. "எவனோ வயிற்றெரிச்சலில் போட்டுக் கொடுத்துட்டான்" என்பது மட்டும் பதினேழு முறை வந்திருக்கிறது. எண்ணினேன்.

அந்தம்மாவுக்கு 54 வயது, ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவர். அங்கே வீட்டு வேலைக்குப் புதிதாக பெர்மிட் வேண்டுமென்றால் 23 வயதுக்குமேல், 50க்குள் இருக்க வேண்டும். எட்டு வருஷமாவது படித்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை, சுற்றிப் பார்க்க வந்தவர் என்று கூட்டிப் போயிருக்கிறார்கள். பாவம், அவர் சுற்றிப் பார்த்தது அடுப்படியைத்தான்.

"சம்பளமா கொடுத்தோம்? வீட்டு ஆள் மாதிரி இருந்தாங்க" என்கிறார் ஒருவர். சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வேலை வாங்கினால் அது வேலைதான் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். சம்பளமே கொடுக்கவில்லை என்பதில் பெருமை வேறு!

அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை செய்தவருக்கு? 20,000 வெள்ளி வரை அபராதம், சிறையோ இரண்டு வருஷம் வரை. திரும்பவும் படியுங்கள். கூட்டிப் போனவருக்கு ஒன்று, போனவருக்கு இரண்டு. திருப்பி அனுப்பியதோடு விட்டார்களே என்று அந்தம்மாவுக்காகக் காரைக்குடி கொப்புடையம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"எங்களுக்குச் சட்டமெல்லாம் எப்படித் தெரியும்?" சரி. 2009இல் இங்கிலாந்தின் அட்டர்னி ஜெனரல் பட்ரீசியா ஸ்காட்லாந்து, வீட்டு வேலைப் பெண்ணின் ஆவணங்களை நகலெடுத்து வைக்காததற்கு 5,000 பவுண்டு அபராதம் கட்டினார். அந்தச் சட்டம் நிறைவேற வேலை பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கே அந்தக் கதி. நம் ஆட்கள் ஐடி கம்பெனி மேனேஜர்கள், ஒன்றும் தெரியாதாம்.

இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தச் சீட்டு எழுதாமல் கல்யாணம் முடிக்காத நகரத்தார் நாம். கல்யாணச் சீர்ச் சாமான் பரப்பும்போது கரண்டி வரை பட்டியல் போடுகிறவர்கள். எங்கள் ஐயா ரங்கூனுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, போனபோதே மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதித்தான் கப்பல் ஏறினார். அந்தம்மாவுக்கு என்ன எழுதினீர்கள்?

மனசாட்சிக்கு வருகிறேன். மகள் பேறுகாலத்துக்கு நானும் சிங்கப்பூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பாத்திரம் தேய்க்க ஒரு பெண்ணை மருமகன் பேசிவிட்டார். தேவகோட்டைப் பக்கத்துப் பெண். "பெர்மிட் இருக்கும்மா" என்றாள். கார்டைக் காட்டச் சொன்னேன். மருமகன் முகம் சுண்டிவிட்டது. கார்டு இருந்தது, வேறு வீட்டுக்காரர் பேரில். பெர்மிட் கொடுத்த வீட்டைத் தவிர இன்னொரு வீட்டில் அவள் வேலை செய்யக் கூடாது, லீவு நாளானாலும். கார்டை நீட்டிய விரல்களில் சோப்புத் தண்ணீர் பட்டு வெடிப்பு. வேண்டாம்மா என்றேன். லிஃப்ட் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மனசாட்சி பேசுகிற தம்பி அன்றைக்கு அந்த லிஃப்ட் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

"அப்போ படிக்காதவங்க பிழைக்க வேண்டாமா?" நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் கேட்பது யார்? சமையலம்மாவுக்கு நான்கு வருஷமாகச் சம்பளம் ஏற்றாதவர்கள். வீட்டு ஆளாம். வளவில், நடுமுற்றத்துக் கூடத்தில், உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாரா? வீட்டின் பின்பக்கம் மூன்றாங்கட்டில், அவருக்கென்று வைத்த விளிம்பு நெளிந்த தட்டில்தானே? அந்தத் தட்டு எங்கள் வீட்டிலும் இருந்தது, அதனால்தான் தெரியும்.

அடுத்து என் வீட்டுக்கு வருவீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் 14 வருஷமாக இருப்பவரை அதில் பதிந்தேனா? இல்லை. இன்று காலைதான் ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துவரச் சொன்னேன். கையிலிருந்த விளக்குமாற்றை அப்படியே சாத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் ஆச்சி, எதுவும் காணாமப் போச்சா?"