அண்ணனிடம் சொல்ல முடிந்தது

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தபோது, எல்லோரும் தண்டனையைப் பற்றியே பேசினோம். அந்த வழக்கு எப்படி வெளியே வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2019 பிப்ரவரியில் ஒரு பெண் தனக்கு நடந்ததை அண்ணனிடம் சொன்னார். அண்ணன் நம்பினார். ஆட்களைத் தேடிப் பிடித்தார். அவர்கள் செல்போனில் வேறு பெண்களின் வீடியோக்களும் இருந்தன. புகார் கொடுத்ததற்காக அந்த அண்ணனை அடித்தார்கள். போலீஸே அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொன்னது, அரசாணையிலும் பெயர் வந்தது. அப்படியும் அந்தக் குடும்பம் பின்வாங்கவில்லை. பிறகு மற்ற பெண்களும் சாட்சி சொன்னார்கள். விசாரணையில் ஒருவர்கூடச் சொன்னதிலிருந்து பிறழவில்லை.

அதுவரை அந்தக் கும்பலுக்கு இருந்த தைரியம் எங்கிருந்து வந்தது? எந்தப் பெண்ணும் வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்தானே? அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தது நம் வீடுகள்தான். தெரிந்தால் படிப்பை நிறுத்துவோம், போனைப் பிடுங்குவோம், அவசரமாக ஜாதகத்தைத் தூக்குவோம். இது எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் தெரியும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண். பள்ளிக்கூடம் போகிற வயதில், சித்தப்பா முறை ஆள் ஒருவரால் நடந்தது. அம்மாவிடம் சொன்னாள். "வெளிய தெரிஞ்சா உன் தங்கச்சிய யாரு கட்டுவா?" என்றார் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. அந்த ஆள் அதே வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், மொய் எழுதினார். பந்தியில் சாம்பார் வாளியைக் கொடுத்து அவர் இருந்த வரிசைக்கு அவளையே அனுப்பினார்கள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். "அந்தாள விட அம்மாவத்தான்க்கா மன்னிக்க முடியல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அந்த அம்மாவும் பயந்துதான் செய்தார், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாளியை அவள் கையில் கொடுத்ததற்கு எந்தப் பயமும் காரணமாகாது.

நாட்டில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். நாம் என்னவோ பிள்ளையைத் தெருவைக் காட்டித்தான் பயமுறுத்துகிறோம்.

கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் பஞ்சாயத்து ஊர்ப்பக்கம் மட்டும் நடப்பதில்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றமே, தண்டனை பெற்ற ஒருவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசிக்கொள்ள ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் முடியாது என்றார். இத்தகைய வழக்கில் சமரசமே கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி கிராமம் வாச்சாத்தியை நினைத்துக்கொள்கிறேன். 1992 ஜூன் 20 அன்று சீருடைக்காரர்களால் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தீர்ப்பு. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தொரு வருஷம். அந்த ஊர் அந்தப் பெண்களை ஒதுக்கியிருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

சரி, வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். சிகிச்சைக்குப் போலீஸ் புகார் தேவையில்லை. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாகப் பார்த்தே ஆக வேண்டும். பதினெட்டு வயதுக்குள் என்றால் பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, போலீஸ் சீருடை இல்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம். பெயரை வெளியே விடுவது குற்றம். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. அம்மாக்களும் அண்ணன்மார்களும் இந்த எண்களை இன்றே போனில் போட்டுவையுங்கள்.