‘ஆசை’ பிறகு சேர்க்கப்பட்ட சொல் அன்று

ஐயா, “பணமே எல்லாத் தீமைக்கும் வேர் என்றுதான் பவுல் எழுதினார், ‘ஆசை’ என்பது மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது” என்று நீங்கள் எழுதியிருப்பது சரியன்று. அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் (1 தீமோத்தேயு 6:10) கிரேக்க மூலத்தில் உள்ள ‘பிலார்குரியா’, நேசத்தையும் வெள்ளியையும் குறிக்கும் இரு சொற்கள் கூடிய ஒரே சொல். ஆகவே ‘பண ஆசை’ என்று நம் தமிழ் வேதாகமம் சொல்வது மூலத்தில் இருப்பதைத் தருகிறதேயன்றி எதையும் கூட்டவில்லை. அதே அதிகாரத்தின் 17, 18-ஆம் வசனங்களில், ஐசுவரியமுள்ளவர்கள் இறுமாப்படையாமலும், நிலையற்ற ஐசுவரியத்தை நம்பாமலும், தாராளமாய்க் கொடுக்க வேண்டும் என்றே பவுல் சொல்கிறார்; செல்வமே பாவம் என்றால் இந்தக் கட்டளைக்கு இடமேது?

பர்மிய வேதாகமம் ஆங்கிலத்தின் நகல் என்று நீங்கள் எழுதியிருப்பதும் தவறு. (யாங்கோனில் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழைவிட அதுவே வாசிக்க எளிது.) அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்தே பெயர்த்து, 1834-இல் முடித்ததை மறுபடியும் திருத்தி, 1840-இல் நிறைவு செய்தார்.

சென்ற ஞாயிறு, மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், காணிக்கைப் பை தம்மிடம் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, “பணமே தீமை என்றால் என் தொழிலே பாவமா?” என்று மெல்லக் கேட்டார். வசனத்தை முழுதாக வாசித்துக் காட்டிய பிறகே பையை அடுத்தவரிடம் நகர்த்தினார்.